எழுநூறு ரூபாக் குழல்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்துவிட்ட ஒருவன் குளியலறைச் சாமான்களைப் பற்றி எழுதுவதா என்று சில வாசகர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். அரசியல் எழுதுங்கள் என்று தொலைபேசியில் கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அரசியல் எங்கும் ஓடிவிடாது. இம்முறை ஷவர் குழல் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதவேண்டிய கடப்பாடு எனக்கு இருக்கின்றது. அதற்கான காரணம் எங்கள் கீழ்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அலுமாரியில் உள்ளது.

கடையில் 'ஷவர் ஹோஸ்' என்று கேட்டால்தான் தருவார்கள். சுவரிலுள்ள பைப்பிலிருந்து கையிற் பிடிக்கும் ஷவர் தலை வரை நீரைக் கொண்டுசெல்லும் வளைந்துகொடுக்கும் குழல் அது. மேலே உலோகச் சுருள், உள்ளே மெல்லிய குழாய், இரு முனைகளிலும் நட்டு. இதற்குத் தமிழில் 'தூவற்குழல்' என்று எழுதினால் ஆசிரிய பீடத்தில் ஒருவர் சிரிப்பார், ஒருவர் திருத்துவார். எனவே இக்கட்டுரை முழுவதும் குழல் என்றே குறிப்பிடுகின்றேன்.

வெள்ளவத்தையில் கடற்காற்று நேராக வந்து மோதும் ஆறுமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் நாங்கள் குடியிருக்கின்றோம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் ஷவர் குழல் நட்டின் அருகே வெடித்துக் கசியத் தொடங்கியது. வீட்டுக்காரி மூன்று முறை நினைவூட்டிய பின்னர், வீட்டருகேயுள்ள கடையொன்றுக்குப் போய், கண்ணாடிபோல் மினுங்கிய இரு குழல்களை வாங்கி வந்தேன். ஒன்று குளிப்பதற்கு. மற்றையது கொமட்டின் அருகே தொங்கும் சிறிய கை ஷவருக்கு. ஒன்று எழுநூறு ரூபா. அதே கடையில் இரண்டாயிரத்துச் சொச்ச ரூபாவுக்கும் குழல்கள் இருந்தன. இரண்டும் ஒரேமாதிரித்தான் மினுங்கின. மினுக்கம் ஒன்றாயிருக்க மூன்று மடங்கு விலை கொடுப்பவன் முட்டாள் அல்லவா என்று எண்ணிக்கொண்டேன்.

பொருத்துவதற்கு பைப் வேலை செய்யும் பாஸ் ஒருவரை அழைத்தோம். இந்தப் 'பாஸ்' என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. சிங்களத்தினூடாக எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவர் வந்து, எல்லா இடத்திலும் வெள்ளை ரேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, பெரிய ஸ்பனரால் மூச்சுப் பிடித்து முறுக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விட்டார். நான் அச்சமயம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் சென்றிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் தொலைபேசி ஒலித்தது. கொமட் அருகிலிருந்த குழல் இரவில் வெடித்துவிட்டது. குளியலறைத் தரையில் வடிகால் இருக்கவே இருக்கின்றது. ஆனால் கால் துடைக்கும் துணி மிதந்துபோய் அதன்மேல் படிந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் வாசற்படியைத் தாண்டி, அறைக்குள் பரவி, பைப்புகள் செல்லும் துவாரத்தின் வழியே கீழ்மாடிக்கு இறங்கியது. அத்தகைய குழலொன்று நிமிடத்துக்குப் பத்து லீற்றர் விடுகின்றது என்று கொண்டாலும், மணிக்கு 600 லீற்றர். கட்டடத்தின் தாங்கி வெறுமையாகி, ஆறாம் மாடியில் ஒருவர் சவர்க்காரத்தோடு நின்று கூச்சலிட்ட பின்னரே விடயம் தெரியவந்தது.

கீழ்மாடி ரீச்சர் தனியாக இருப்பவர். வயது எண்பதை நெருங்குகின்றது. தண்ணீர் இறங்கிய சுவரோரமாக அவருடைய அலுமாரி இருந்தது. அதன் மேற்தட்டில் ஒரு புகைப்பட அல்பம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மக்கள் எல்லோரும் வெளியேறியபோது, மழைக்குள், அந்த அல்பத்தைப் பொலித்தீன் பையொன்றில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர் அவர். அவ்வளவு மழைக்கும் நனையாத அல்பம், ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகளின் பின் எனது எழுநூறு ரூபாக் குழலால் நனைந்தது.

நாங்கள் ஓடிவந்து சேர்ந்தபோது அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, உங்கட வீட்டுக்குள்ள சாமான் ஒண்டும் பழுதாகேல்லையே?" என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைக் காயவிட்டு உரித்தெடுக்கக்கூடாது, சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்து நிழலில் உலர்த்த வேண்டும் என்பதை அறிந்திருந்தேன். பழைய பத்திரிகை அலுவலகங்களில் புகைப்படப் பிரிவோடு பழகியதால் கிடைத்த ஞானம் அது. கறுப்பு வெள்ளைப் படங்களிற் பெரும்பாலானவை தப்பின. வர்ணப் படங்கள் மூன்று ஒன்றன் நிறத்தை மற்றொன்று உரித்துக்கொண்டு போய்விட்டன. அவற்றில் யார் யார் இருந்தனர் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அதன் பின்னரே எனக்குக் கோபம் வந்தது. முதலில் கடைக்காரர்மீது, பின்னர் பாஸ்மீது. அந்தக் கோபத்தோடு வெடித்த குழலை ஒரு பையிற் போட்டுக்கொண்டு, கொழும்பு பழைய சோனகத் தெருவுக்குச் சென்றேன். ஹாட்வெயார் சாமான்களுக்குப் பெயர்போன தெரு அது. அங்கே பல காலமாக வியாபாரம் செய்யும் முதியவர் ஒருவரை எனக்குப் பழக்கம். நானா என்றே அழைப்பேன். அவர் குழலை வாங்கி, தகரம் வெட்டும் கத்தரியால் நட்டின் அருகே வெட்டிப் பிளந்து காட்டினார். உள்ளே குளிர்பானம் உறிஞ்சும் குழாயைவிடச் சற்றுத் தடித்த ஒரு பிளாஸ்ரிக் குழாய். அது நட்டின் உட்புறத்துப் பற்களில் வெறுமனே செருகப்பட்டிருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கவேண்டிய உலோக வளையம் அங்கே இல்லை.

"உள்ளுக்கு ஈக்கிறத யாரும் கேக்கிறதில்ல சேர். மினுங்குதா எண்டுதான் பாக்கிறாங்க. நாங்களும் மினுங்கிறத்தத்தானே விக்கோணும்" என்றார் நானா.

இந்த ஒரு வாசகத்திற்காகவே கட்டுரை எழுதலாம். என் கோபம் கடைக்காரரை விட்டு என்மீதே திரும்பியது. இரண்டு குழல்கள் மேசையில் கிடந்தபோது எதைக் கேட்டு வேறுபாட்டை அறிவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாதவனுக்கு மினுக்கத்தைத் தவிர வேறு அளவுகோல் ஏது?

நானாவிடம் அன்று கேட்டறிந்ததையும் பின்னர் நானே தேடி வாசித்ததையும் வாசகர்களுக்குச் சொல்கின்றேன்.

குழலின் உயிர் உட்குழாயில் இருக்கின்றது. மலிவானவற்றில் அது மெல்லிய பீ.வீ.சீ. பிளாஸ்ரிக். சுடுநீரில் இளகி, ஆறும்போது விறைத்து, சில மாதங்களில் வெடித்துவிடும். நல்லவற்றில் ஈ.பீ.டீ.எம். எனப்படும் செயற்கை இறப்பர் அல்லது சிலிக்கோன் இருக்கும். சூட்டையும் குளோரினையும் அவை நெடுங்காலம் தாங்கும். பெட்டியில் இவ்வெழுத்துகள் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். எதுவுமே அச்சிடப்படாத பெட்டி எதையோ மறைக்கின்றது என்று கொள்வதில் தவறில்லை. ஐரோப்பாவில் ஷவர் குழல்களுக்கென்றே ஈ.என். 1113 என்ற தராதரம் உண்டு. அந்த இலக்கம் பெட்டியில் இருந்தால் நல்ல அறிகுறி. அச்சடிக்க எவராலும் முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேற்சுருளைப் பொறுத்தவரை, எங்களைப்போலக் கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு அது அலங்காரம் மட்டுமன்று. குரோமியம் பூசிய சாதாரண இரும்பு உப்புக்காற்றில் ஓராண்டுக்குள் துருவேறி, துருவின் முனை உட்குழாயைக் கீறிவிடும். 304 தரத்துத் துருப்பிடிக்காத உருக்கு நல்லது. காந்தத்தை ஒட்டிப் பார் என்று சிலர் சொல்வார்கள். காந்தம் பலமாக ஒட்டினால் சந்தேகப்படலாம். ஆனால் நல்ல 304 உருக்கும் வளைத்துச் சுருட்டப்படும்போது சிறிதளவு காந்தத் தன்மை பெறுவதுண்டு. ஆகவே காந்தத்தை மட்டும் நீதிபதியாக்கக்கூடாது. சுருளை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒற்றைக் கொக்கியாகச் சுற்றப்பட்டது இடைவெளி விட்டு நீளும். இரட்டைக் கொக்கியாகப் பின்னப்பட்டது விட்டுக்கொடாது.

நட்டுகளைக் கையில் எடுத்து நிறை பார்க்க வேண்டும். பித்தளை பாரமாக இருக்கும். குரோமியம் பூசிய பிளாஸ்ரிக் நட்டு கையில் எடுத்தவுடனேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரு நட்டுகளில் ஒன்று கூம்பு வடிவில் இருக்கும். அது கையிற் பிடிக்கும் தலைக்குரியது. சுவரிலுள்ள தாங்கியில் இருப்பதற்காகவே அதற்கு அந்த வடிவம். அறுகோண நட்டு பைப் பக்கத்துக்குரியது. கூம்பு முனை தனியே சுழலக்கூடியதாக இருந்தால் குழல் முறுக்கேறாது. முறுக்கேறும் குழல்தான் நட்டின் அருகே முதலில் வெடிக்கின்றது.

நீளத்தில் பலர் தவறு விடுகின்றனர். நீண்டது நல்லது என்ற எண்ணம். குளியலறைக்கு ஒன்றரை மீற்றர் பெரும்பாலும் போதும். குழல் நீண்டு தலை நிலத்திலோ நீர் நிரம்பிய வாளிக்குள்ளோ கிடந்தால், பைப்பில் அழுத்தம் குறையும் வேளையில் அந்த அழுக்குநீர் பின்னோக்கி உறிஞ்சப்பட இடமுண்டு. தாங்கி அடிக்கடி வெறுமையாகும் தொடர்மாடிகளில் இது வெறும் கற்பனையன்று.

இனி அளவு. இங்கே என் அறியாமை பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். கடைக்குப் போகுமுன் நான் கெட்டிக்காரத்தனமாகப் பைப்பின் புரியை அடிமட்டத்தால் அளந்தேன். ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். ஓர் அங்குலம் 25.4 என்று வகுத்துப் பார்த்து, "முக்கால் அங்குலம் தாருங்கள்" என்று நானாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். இது அரை அங்குலம். குழாய்ப் புரிகளின் பெயர் புரியின் வெளிவிட்டத்தைக் குறிப்பதில்லை. பழைய காலத்து இரும்புக் குழாயின் உட்துவாரத்தைக் குறிப்பது. உள்ளே அரை அங்குலம், தடித்த இரும்புச் சுவரையும் சேர்த்தால் வெளியே 20.955 மில்லிமீற்றர். குழாயின் சுவர் இன்று மெலிந்துவிட்டது, பிளாஸ்ரிக்காகவும் மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

இதன் பின்னணி சுவையானது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன்பாட்டில் புரி வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841இல் ஜோசப் விற்வேர்த் என்ற பொறியியலாளர் எல்லோருக்கும் ஒரே புரி என்ற முறையை முன்மொழிந்தார். புரியின் கோணம் 55 பாகை. அந்த வழியில் வந்ததே இன்றைய பிரித்தானியக் குழாய்ப் புரி. அரை அங்குலத்துக்கு அங்குலமொன்றில் 14 சுற்றுகள். மீற்றர் முறைக்கு மாறிவிட்ட ஐரோப்பாவும் குழாய்ப் புரியில் இதனையே பின்பற்றுகின்றது. சர்வதேசத் தராதரத்தில் இதற்கு ஐ.எஸ்.ஓ. 228 என்று பெயர். அதனால்தான் ஜேர்மனியில் வாங்கிய குழல் வெள்ளவத்தையில் பொருந்துகின்றது. அமெரிக்கா மட்டும் 60 பாகையில் நிற்கின்றது. அங்கும் அரை அங்குலத்துக்குச் சுற்று 14தான், விட்டமும் மிக நெருங்கியது. ஆகவே அங்கிருந்து வரும் ஷவர் குழல் பெரும்பாலும் இங்கே ஏறிவிடும். கையால் ஏற்றிப் பார்க்க வேண்டும். மூன்று சுற்று இலகுவாக ஏறினால் சரி. இறுகினால் ஸ்பனரைத் தொடவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து ஷவர் தலையையும் சேர்த்துக் கொண்டுவரும் உறவினருக்கு ஒரு வார்த்தை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஷவர் தலை நிமிடத்துக்கு 2.5 கலனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 9.5 லீற்றருக்கு மேல் நீர் விடக்கூடாது. அதற்காக உள்ளே ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். அது நகரக் குழாய்களின் பலத்த அழுத்தத்தை எண்ணிச் செய்யப்பட்டது. எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் தாங்கி ஷவருக்கு மேலே இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் இருக்கும். பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று கணக்கு. மூன்று மீற்றருக்கு ஒரு பாரில் மூன்றிலொரு பங்கும் தேறாது. பெறுமதிமிக்க அமெரிக்கத் தலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைப் பார்த்து, ஊர்த் தண்ணீரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஊர்த் தண்ணீரிலும் ஒரு குறை உண்டு என்பது வேறு. சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து வரும் நீராதலால் துளைகளை வெள்ளையாக அடைத்துவிடும். தலையைக் கழற்றி வினாகிரியில் அரைமணி நேரம் ஊறவைத்தால் போய்விடும்.

குழலை வாங்கியாயிற்று, பொருத்த வேண்டுமே. இம்முறை பாஸை அழைக்கவில்லை. இலண்டனிலுள்ள என் மருமகனைத் தொலைபேசித் திரையில் வைத்துக்கொண்டு நானே தொடங்கினேன். அவன் கணக்காளன். இங்கே இருந்த காலத்தில் மின்குமிழ்கூட மாற்றியதில்லை. அங்கே போய் வீடு வாங்கிய பின்னர், ஒருவரை அழைத்தால் ஆகும் செலவைக் கண்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான்.

பழைய நட்டை ஒரு துணியைச் சுற்றிக் குறடால் இளக்கினேன். புதிய குழலின் இரு முனைகளிலும் இறப்பர் வாசர் இருக்கின்றதா என்று பார்த்து, கையால் ஏற்றினேன். பைப்பைத் திறந்தால் பைப் பக்கத்து நட்டிலிருந்து கசிவு. மேலும் இறுக்கினேன், கசிவு கூடியது. ரேப் வாங்கிவர எழுந்தேன்.

"மாமா, ரேப் ஒண்டும் வேண்டாம். பழைய வாசர் உள்ளுக்கு ஒட்டிக்கொண்டு நிக்குதோ எண்டு பாருங்கோ" என்றான் மருமகன்.

கழற்றிப் பார்த்தேன். பைப் முனையில் கறுப்பாகப் பழைய வாசர், பைப்போடு பைப்பாக. அதன்மேல் புதிய வாசர். இரண்டும் ஒன்றின்மேலொன்று வழுக்கிக் கோணிக்கொண்டால் எவ்வளவு இறுக்கினாலும் நீர் நிற்காது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் ஏற்றினேன். கையால் இறுக்கி, அதற்குமேல் ஸ்பனரால் கால் சுற்று. நின்றுவிட்டது.

ரேப் பற்றி அவன் விளக்கியது எனக்கு ஒரு பாடமாக அமைந்தது. இந்த நட்டுகளின் புரி கூம்பாகச் சரிந்ததன்று. நேரானது. நேரான புரி நீரைத் தடுப்பதில்லை, வாசரை நசித்துப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. தடுப்பது வாசர். அங்கே ரேப்பைச் சுற்றினால், வாசர் சரியாக நசிவதற்கு முன்னரே நட்டு இறுகிவிட்டது போன்ற உணர்வு வரும். சுவருக்குள் செல்லும் சரிந்த புரிகளுக்குத்தான் ரேப் தேவை. எங்கள் பாஸ் சுற்றிய ரேப்பும், மூச்சுப் பிடித்த முறுக்கும் அந்தப் பலவீனமான முனையை இன்னும் பலவீனப்படுத்தியிருக்கும் என்றே எண்ணுகின்றேன். அவரைக் குறைகூறவும் மனம் வரவில்லை. அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. நான் அருகில் நின்று ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கொமட் அருகேயுள்ள கை ஷவர் பற்றித் தனியே சொல்லவேண்டும், எங்கள் வீட்டில் வெடித்தது அதுதான். குளிக்கும் ஷவரில் பைப்பை மூடியதும் குழலில் அழுத்தம் இல்லாமற் போய்விடும். கை ஷவரில் நீரை மூடுவது கைப்பிடி முனையிலுள்ள விசை. ஆகவே இரவும் பகலும் முழு அழுத்தமும் குழலுக்குள்ளேயே நிற்கின்றது. எங்கள் வீட்டுக்கும் தாங்கிக்கும் இடையே ஏறத்தாழ 13 மீற்றர். ஒன்றேகால் பார் என்பது பெரிய அழுத்தமன்று. நல்ல குழலொன்று இதைப்போற் பலமடங்கைத் தாங்கும். ஆனால் செருகி மட்டும் விடப்பட்ட குழாய் சுவாசிப்பதுபோல் நாளும் விரிந்து சுருங்கி, ஒருநாள் நழுவிவிடும். சுவரில் அதற்கென ஒரு சிறிய வால்வு இருக்கின்றது. பாவித்ததும் அதை மூட வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போகின்றவர்கள் வீட்டின் பிரதான வால்வையே மூட வேண்டும். எனது வீட்டின் பிரதான வால்வு எங்கே இருக்கின்றது என்பது பதினோராண்டுகள் அங்கு குடியிருந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சுடுநீர் இயந்திரம் பொருத்தியவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கிக் குழலில் விடும் வகையில், நீர் வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது பல இயந்திரங்களின் அடிப்படை விதி. அத்தகைய இயந்திரத்துக்குத் துவாரம் ஒடுங்கிய குழலையோ, கைப்பிடியில் நீரை நிறுத்தும் பொத்தான் கொண்ட தலையையோ மாட்டினால், சூடான நீர் உள்ளே அடைபட்டுவிடும். இயந்திரத்துடன் வந்த கைநூல் எந்தக் குழலைச் சொல்கின்றதோ அதையே வாங்குங்கள். வேலை தொடங்குமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். இயந்திரத்திலேயே கசிவு இருந்தால் கைவைக்க வேண்டாம், தொழில் தெரிந்தவரை அழையுங்கள். சுவருக்குள் உள்ள பைப் உடைந்தாலும் அவ்வாறே.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் வாசகர்களுக்கு இன்னொன்று. ஓராண்டு பூட்டிக்கிடந்த வீட்டின் ஷவர் குழலுக்குள் பழைய நீர் தேங்கி, வழுவழுப்பான படலம் வளர்ந்திருக்கும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படையினரின் மாநாடொன்றின்போது பரவிய கொடிய நிமோனியாவுக்குக் காரணமான கிருமி அடுத்த ஆண்டு கண்டறியப்பட்டது. லெஜியனெல்லா என்று பெயர். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளர்ந்து, நுண்துளிகளாகச் சுவாசத்தில் ஏறுவது அது. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. வந்த களைப்போடு நேரே ஷவருக்குக் கீழே நிற்காமல், தலையைக் கழற்றிவிட்டு, குழலை நிலத்து வடிகாலில் வைத்துச் சில நிமிடங்கள் நீரை ஓடவிடுங்கள். குழல் பழையதென்றால் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு சிறிய விடயம் எனக்கு எழுபது வயது வரை ஏன் தெரியாமற் போயிற்று? யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதற்கான விடையை அறிவார்கள், சொல்ல விரும்பமாட்டார்கள். படித்தவன் பேனா பிடிப்பான். ஸ்பனர் பிடிப்பவனை வாசலில் நிறுத்தித் தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்த வீடுகள் எங்களுடையவை. கையால் செய்யும் தொழில் ஒவ்வொன்றின்மீதும் ஒரு சாதியின் பெயரை எழுதி ஒட்டிவைத்தோம். அந்தத் தொழிலைத் தொட்டால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சினோம். அதற்கான தண்டனையை இப்பொழுது தவணை முறையிற் செலுத்துகின்றோம். மினுக்கம் எது, உருக்கு எது என்று தெரியாமல் வாங்குகின்றோம், பிழையாகப் பொருத்துபவரை அறிந்துகொள்ள முடியாமல் கூலி கொடுக்கின்றோம். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் எங்கள் பிள்ளைகள் ஸ்பனர் பிடிப்பதற்குக் காரணம் அவர்கள் சீர்திருந்திவிட்டார்கள் என்பதன்று, அங்கே கூலி அதிகம் என்பதே. எனினும் பிடிக்கின்றார்கள். அதுவரை சரி.

பாஸ்மாரின் பிழைப்பில் மண் போடுகின்றீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு குழலுக்காக வருவதற்கு எந்தப் பாஸும் ஆசைப்படுவதில்லை என்பது அழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் எனக்குத் தெரிந்த நல்ல வேலைக்காரர் இருவர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டனர். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபதாயிற்று. இங்கே வேலை செய்த கைகள் அங்கே போனதில் வியப்பில்லை. எஞ்சியிருப்பவர்களை உண்மையிலேயே கடினமான வேலைகளுக்கு அழைப்போம், அதற்குரிய கூலியைக் கொடுப்போம். இருவர் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியதற்கு ஒருவரை நாள் முழுவதும் காத்திருந்து அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையுமன்று.

ரீச்சரின் வீட்டுக் கூரைக்கு வெள்ளை பூசிக் கொடுத்தோம். பூச்சு வேலை முடிந்த அன்று அவருடைய குளியலறையை எட்டிப் பார்த்தேன். கொமட்டின் அருகே என்னுடையதைப் போன்றே ஒரு குழல், அதே மினுக்கம். ஒருவேளை அதே கடை. அடுத்த வாரம் நானாவிடம் போய் அவருக்கும் ஒன்று வாங்கி வந்தேன்.

"தம்பி, உங்களுக்கேன் இந்த வேலையெல்லாம்" என்று ரீச்சர் வாசலில் நின்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பழைய வாசர் இம்முறையும் பைப்போடு ஒட்டிக்கொண்டுதான் நின்றது. எடுத்தெறிந்துவிட்டு, புதியதை ஏற்றி, காகிதத் துண்டொன்றை நட்டின் கீழே பிடித்துப் பார்த்தேன். நனையவில்லை. பின்னர் சுவரிலிருந்த சின்ன வால்வை அவருடைய கையாலேயே மூன்று முறை திறந்து மூடச் செய்தேன். நான்காம் முறை கேட்டபோது, நாற்பது பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தவளுக்குப் பாடமா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டார். கழுவும் தொட்டியின் கீழே உள்ள அலுமாரிக் கதவின் உட்புறத்தில் மாற்றிய திகதியை மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டு மேலே வந்தேன்.